இன்னும் மூன்று ஜிபி

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பெம்பினா வீதியில் ஒரு பஸ்
மூச்சை விட்டுவிட்டு நிற்கிறது.
மூன்றாம் மாடியில்
கணினி எனக்குச் சொல்கிறது:
இடமில்லை.

கால்கரியில் நிரோஜினி
ஏழு மணிக்குக் காத்திருப்பாள்,
தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு
கடலுக்கு அடியில்.
நானும் இறங்குவதென்றால்
முப்பத்தெட்டு ஜிபி வேண்டும்.
இருப்பது பதினொன்று.

ஒரு டெராபைட் என்று சொல்லித்தான் விற்றார்கள்.
பெட்டியைத் திறந்த அன்றே எழுபது குறைவு,
கொத்துக்குள் கட்டைவிரலை வைத்து
அரிசி அளந்ததுபோல.
மிச்சத்தை இருவரும் பங்கு போட்டோம்.
உறுதி எழுதவில்லை. சாட்சியும் இல்லை.
ஒரு கிழமைக்குள் இவர் வேலியை நகர்த்தினார்,
கதியால் கதியாலாக,
அப்டேட் என்ற பெயரில்.

யசோதரன் பகலில் பஸ் ஓட்டுகிறார்.
இரவில் விமானம்.
விமானத்துக்கு இருநூற்றுப் பத்து.
என் மேசைப்பந்துக்கு ஆறு.
என் டைனோசர்களுக்கு இருபத்து நான்கு.
கணக்குக் கேட்டால்
"முகிலுக்கும் இடம் வேணுமெல்லே" என்பார்.

இன்று இவர் வேலையில்.
கட்டிலுக்கடியில் தோட்டைத் தேடுவதுபோல
கோப்புறைகளுக்குள் குனிந்து போனேன்.
பெயரில்லாத ஒன்று:
நாற்பத்தேழு ஜிபி.
உள்ளே இலக்கங்கள், இலக்கங்கள்.
பிடிபட்டார் கள்ளன் என்று
ஹெட்செட்டை மாட்டி, இவருடைய விமானத்தில் ஏறி,
அந்த இலக்கங்களுக்கு மேலே பறந்தேன்.

இமயமலை இல்லை. பசிபிக் தீவும் இல்லை.
வின்னிபெக்.
கூரை கூரையாய், மரம் மரமாய்
இறக்கி வைத்திருக்கிறார்.
ஆடி மாதத்து வின்னிபெக்.
ரெட் ரிவர் தன் பெயரை மறந்து
பழுப்பாய் வளைகிறது. எங்கும் புல்.
இவர் ஓட்டும் பாதை முழுவதும்
மேலிருந்து தெரிகிறது.
ஒரு தரிப்பிடத்திலும் ஆளில்லை.
பிந்தி வந்தாய் என்று ஏச
ஒருவருமில்லை.

எங்கள் கட்டிடத்தின் மேல் பதிவாக வந்தேன்.
மூன்றாம் மாடி பல்கனி
கரைந்த சவர்க்காரம் மாதிரி.
அதில் நான்கு சிவப்புப் புள்ளிகள்.
நான் காயப்போட்ட துவாயாக இருக்கலாம்.
இன்னும் கிட்டப் போகச் சரித்தேன்;
முழங்கை சுவரில் இடித்தது.
இந்த அறையில் எங்களுக்குள்ள வானம்
ஆறடிக்கு ஐந்தடி.

அதை அழிக்கவில்லை.

டைனோசர்களை அழித்தேன்.
ஆறு கோடி வருடத்துக்குப் பிறகு
இன்னொரு முறை.
இம்முறை நான்கு வினாடி.
பிறகும்
மூன்று ஜிபி போதாது.

அப்போதுதான் கண்ணில் பட்டது:
கல்யாணம்_முழுசு_கடைசி_2.
அறுபத்தொரு ஜிபி.
நாலாயிரம் படம்,
ஒரே மாலை ஒன்பது கோணத்தில்.
விளையாட்டென்றால் கணினியே கேட்கும்:
பலநாள் தொடவில்லை, எடுத்துவிடவா?
இதை ஆறு வருடமாய்
அதுவும் கேட்கவில்லை.

லாச்சிக்குள், ஒற்றைக் கையுறைகளோடு
ஒரு வெளி டிஸ்க் கிடந்தது.
பழைய சாமான். சுற்றும்போது
உழுந்து அரைப்பதுபோல் உறுமும்.
எங்களை இழுத்து அதில் போட்டேன்.
மீதம் ஐம்பத்திரண்டு நிமிடம் என்றது.
தாலி கட்டும் இடத்தில் நின்று
கொஞ்சம் யோசித்துவிட்டு
திரும்ப நகர்ந்தது.

நிரோஜினிக்கு எழுதினேன்: எட்டாகும்.

இவர் வந்தார். ஒரு பூட்ஸைக் கழற்றியபடி
"என்னத்தை அழிச்சனீர்?"
"ஒண்டும் இல்லை. இடம் மாத்தினனான்."
எட்டித் திரையை வாசித்தார்.
"அது ஸ்லோ டிஸ்க். அதில வைச்சா
வடிவா ஓடாது."
"ஓட்டிப் பாத்தனீங்களோ, ஒருநாளாவது?"

மற்றப் பூட்ஸ் காலிலேயே இருந்தது.
ஜாக்கெட்டோடு வந்து
பக்கத்தில் குந்தினார்.
பனி உருகி, என் பாய்க்கு
ஒழுகி வந்தது.
பார்த்துக்கொண்டிருந்தோம்:
அறுபத்தொன்றில் பதினேழு.
பதினெட்டு.